சொன்னால் யாரிடம் போகிறது?

(செஞ்சியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)

தலைவர் அவர்களே, தங்கள் ஆசிரியரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய மாணவர்களே, கடையில் ஆளை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, ஆசிரியர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஆளை உட்காரவைத்துவிட்டு' என்று சொன்னேன். நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல்லை மனதில் வைத்திருங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

பணியிடத்தில் ஊழியரின் மனநிறைவு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஊதியம், பதவி உயர்வு, மேலதிகாரி, உடன் வேலை செய்பவர்கள், பணிச்சூழல், வேலை நிரந்தரம் என்று ஆறு காரணிகள். ஆறையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் கொடுத்தால் பத்து மதிப்பெண். அந்தப் பட்டியலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டு நான் களத்தில் இறங்கியபோது நடந்தது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் விடிகாலை நாலு மணிக்குத் திண்டிவனம் சாலையில் கம்பெனி வண்டிக்காக நின்றிருந்த பெண்களிடம் ஒரு படிவம் கொடுத்தேன். உங்கள் வேலை உங்களுக்கு எவ்வளவு நிறைவு தருகிறது? ஒன்று முதல் ஐந்து வரை. எல்லோரும் நாலு. ஒருத்தி பாக்கியில்லை, எல்லோரும் நாலு. வாயால் கேட்டபோதும் அதே கதை: "பரவால்ல சார்", "ஏதோ ஓடுது". கடைசியாகப் படிவத்தை வாங்கிய ஒரு பெண் மட்டும் பேனாவைப் பிடித்தபடி என்னைக் கேட்டாள்: "சார், இதுல எழுதுனா யாருகிட்ட போவும்?"

பல்கலைக்கழகத்துக்கு என்றேன்.

"அப்ப நாலே போட்டுடறேன்" என்றாள். வண்டி வந்துவிட்டது.

அவள் கேட்ட கேள்விதான் இன்றைய உரை. ஒரு வேலையிடத்தில் ஒரு குறையைச் சொன்னால் அது யாரிடம் போகிறது, போய் என்ன ஆகிறது? மற்ற காரணிகள் எல்லாம் இதன் கீழ் வருகின்றன என்பது என் கருத்து. ஐந்து செய்திகளாகச் சொல்கிறேன்.

1. உடம்பு முதலில்

கோட்டையிலிருந்து தொடங்குகிறேன், செஞ்சியில் நின்றுகொண்டு வேறு எங்கிருந்து தொடங்குவது? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். பலகை வைத்தார்கள், படம் எடுத்துக்கொண்டோம், மகிழ்ச்சி. ஆனால் தேசிங்குராஜனையும் அவன் குதிரையையும் தவிர இங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. ராஜகிரிக் குன்றின் மேலே தினமும் யாரோ ஏறினார்கள். களஞ்சியத்துக்கு மூட்டை சுமந்தார்கள். இராக்காவல் நின்றார்கள். இது ஒரு வேலையிடம்.

1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1761 வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை அவர்கள் இங்கே இழந்ததாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதியிருக்கிறார். ஒரு நேரத்தில் கோட்டையில் இருந்த ஐரோப்பியர் எண்ணிக்கை நூறைத் தாண்டவில்லை என்றும் அவரே சொல்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு படை முழுதாகப் போய், புதுப் படை வந்திருக்கிறது. பெரும்பாலும் நோய்தான் கொன்றது. இடம் அவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து அடுத்த நூறு பேரை அனுப்புவது எளிதாக இருந்தவரை அவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

அங்கிருந்து சென்னைக்கு வாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். ஆனால் விதை போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். மில் தொழிலாளிகளின் துன்பங்களைக் காதில் வாங்கிக்கொண்டு, அதை வாடியாவிடம் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் முதலில் எழுந்த குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை. கை கழுவி, தூக்கைத் திறந்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று சோற்று நேரத்தில் பிறந்தது.

அதற்கு நூற்று மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளிகள் நோயில் விழுந்தார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை நின்றது, மீண்டும் திறக்க ஜனவரி 12 ஆயிற்று. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் சில இடங்களில் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

உலகமே பார்த்த அந்த மறியலில் நான் கவனித்தது வதந்தியைத்தான். 'உன் தோழி இந்த மருத்துவமனையில், இந்தப் படுக்கையில் இருக்கிறாள்' என்று சொல்ல நம்பிக்கையான ஓர் ஆள் அங்கே இருந்திருந்தால் வதந்திக்கு வேலை இருந்திருக்காது. விடுதிச் சோறு ஒரு நாளில் கெடுவதில்லை. பல நாள் முணுமுணுப்பு போக இடமில்லாமல் நெடுஞ்சாலைக்குப் போனது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளிகள் தங்கும் விடுதியைத் தமிழ்நாடு அரசு 706.50 கோடி ரூபாயில் கட்டித் திறந்தது. நல்ல காரியம். கட்டடம் வந்துவிட்டது; உள்ளே ஒரு பெண் 'இன்றைக்குக் குழம்பு புளித்திருக்கிறது' என்று சொன்னால் அது எந்த மேசைக்குப் போகிறது என்பதையும் அதே அக்கறையோடு கேட்கவேண்டும்.

2. பல்பு

இனி என் வீட்டுக் கதை. என் அப்பா இந்த ஊரில் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதினார். செஞ்சிக்கு நெல் வரத்து எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறுப்புக் காலத்தில் மூட்டைக்கு மேல் மூட்டை அடுக்கி, வானம் கருத்தால் தார்ப்பாய்க்கு ஓடும் ஊர் இது. அப்பா உட்காரும் சாய்மேசைக்கு வலது பக்கம் ஒரு பல்பு தொங்கியது. அவர் வலக்கைக்காரர். எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும். பதினொரு வருடம் அந்த நிழலுக்குள்தான் எழுதினார். தலையை இடது பக்கம் சாய்த்து, நோட்டைக் கொஞ்சம் திருப்பி, கழுத்து வலிக்க வீட்டுக்கு வருவார். அம்மா கேட்டால் "பரவாயில்ல" என்பார்.

பிறகு கண் மங்கியபோது அந்த இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். முதல் நாளே "முதலாளி, இந்த பல்ப இந்தப் பக்கம் மாத்திடலாமா?" என்று கேட்டார். மதியத்துக்குள் மாற்றிவிட்டார்கள். ஒரு முழம் ஒயர், இரண்டு ஆணி. பக்கத்தில் நின்று கணக்கை ஒப்படைத்துக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் துணி, என் படிப்புக்குக் கடன் எல்லாம் கொடுத்தவர். பதினொரு வருடமாக அவர் கேட்கவில்லை, அப்பா சொல்லவில்லை. 'கேட்டால் செய்வார்' என்பது அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. என் துறையில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. எனக்கு அந்த ஒயர்தான் ஞாபகம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், மனநிறைவு ஆய்வு என்று உலகம் கொண்டாடும் ஆய்வே பல்பில்தான் தொடங்கியது. 1924இல் சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற இடத்தில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொலைபேசித் தொழிற்சாலையில், வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்த்தார்கள். விடை குழப்பமாக வந்தது. பிறகு 1928 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்தவர்களில் சிலர் 'நிலைமை நல்லா மாறியிருக்கு' என்று நன்றி சொன்னார்கள். உண்மையில் எதையும் மாற்றியிருக்கவில்லை.

மேலாண்மைப் புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்: காது கொடுத்தாலே போதும் என்று. எனக்கு இதில் பயம் இருக்கிறது. இன்று கம்பெனிகளில் வைக்கும் ஆலோசனைப் பெட்டிகள், கைபேசியில் வரும் சிரிக்கும் பொம்மை, அழும் பொம்மைகள் எல்லாம் அந்தச் சிகாகோக் கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைகள். பெட்டிக்குப் பூட்டு உண்டு; சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. காதில் வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாவிட்டால் முதல் தடவை நன்றி கிடைக்கும். மூன்றாவது தடவை நாலு என்று போட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள்.

லண்டனில் 1985 முதல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தவர் மைக்கேல் மார்மாட். தன் வேலையின் மேல் தனக்குப் பிடி குறைவு என்றிருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்ததை அவர் குழு காட்டியது. அவர்கள் அனைவரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர்கள் மாதிரிதான். வெயிலில் மண் சுமப்பவர்கள் இல்லை. பல்பை நகர்த்தச் சொல்ல முடியாமை நெஞ்சுவரை போகும்.

3. கூலியும் பக்கத்து ஆளும்

சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். சம்பளம் முக்கியமில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் கொடுப்பவர்களாகவே இருப்பார்கள்.

உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் ஒன்று சொன்னார்: அதிருப்தி தரும் விஷயங்கள் வேறு, நிறைவு தரும் விஷயங்கள் வேறு, சம்பளத்தைச் சரிசெய்தால் முனகல் நிற்கும், நிறைவு தானாக வந்துவிடாது. அழகான கருத்து. ஆனால் அவர் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பக்கத்துப் பொறியாளர்கள், கணக்காளர்கள் சுமார் இருநூறு பேரை. ஒரு செருப்புத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே அடித்தோல் ஒட்டுபவரை அவர் கேட்கவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் சாம்சங் ஆலையைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரம் தாண்டி அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. இந்த வட்டாரத்தில் இதே மாதிரி வேலை செய்பவர்களைவிடத் தங்கள் ஊழியர்கள் சராசரியாக 1.8 மடங்கு வாங்குகிறார்கள் என்று நிறுவனம் சொன்னது. இருக்கட்டும். அப்படியானால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் பந்தலில் ஏன் உட்கார்ந்தார்கள்? ஊதிய உயர்வும் கேட்டார்கள்தான். ஆனால் சண்டையின் முடிச்சு சங்கத்தை ஏற்றுக்கொள்வதில் இருந்தது. தங்கள் பெயரில் பேச, தாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் வேண்டும். அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. திண்டிவனம் சாலைப் பெண் கேட்ட கேள்வியையே அவர்கள் தென்கொரியாவுக்குக் கேட்கும்படி கேட்டார்கள்.

இன்னொன்று, ஆள் தன் சம்பளத்தைத் தனியாக எடைபோடுவதில்லை. பக்கத்து ஆளோடு சேர்த்துத்தான் தராசில் வைக்கிறார். ஒரே லைன், ஒரே டார்கெட். ஒருவர் கழுத்தில் நிரந்தர ஊழியர் அட்டை, அடுத்தவர் கழுத்தில் ஒப்பந்ததாரர் அட்டை. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் 480 என்ற எண் தெரியும். விரலில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த எண் நெருங்கும்போது ஒப்பந்ததாரரின் பெயர் மாறிவிடும் என்பதும் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று. நூறு நாள் வேலை 2006இல் தமிழ்நாட்டில் முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. 2025–26இல் அதன் கூலி 336 ரூபாய். அளந்து கணக்குப் பார்த்தால் கைக்கு வந்தது பல இடங்களில் அதைவிடக் குறைவு. 2024 கடைசியிலிருந்து மாதக்கணக்கில் கூலி நிலுவையாகவும் கிடந்தது. ஆனாலும் இந்தப் பக்கத்து ஏரிகளில் நான் பேசிய வயதான பெண்கள் இந்த வேலையைப் பற்றிச் சொன்னதுபோல் வேறு எந்த வேலையைப் பற்றியும் நான் கேட்டதில்லை. ஓர் அம்மா சொன்னார்: "கரும்பு வெட்டப் போனா ஏய்னு கூப்புடுவான். இங்க பேரு எழுதிக் கூப்புடறாங்க."

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வீட்டுக்குப் பக்கம். சேர்ந்து போய்ச் சேர்ந்து சாப்பிடலாம். பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. கூலி வராவிட்டால் ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்று, கிராமசபையில் எழுந்து கத்த முடிந்தது. கத்தினால் பணம் வந்ததா என்பது வேறு. கத்த ஓர் இடம் இருந்தது.

4. வண்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை நேரம் எட்டு மணி என்பது தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே உள்ள கணக்கு. நாலு மணிக்குச் சாலையில் நிற்கும் பெண் மூன்று மணிக்கு எழுந்தவள். திரும்பி வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்திருக்கும். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. அப்போது நடந்த விவாதத்தில் வண்டியில் போகும் நேரத்தை எண்ணியவர்கள் குறைவு. எங்கள் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை; அது என் பிழை. வண்டி ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்குகிறவர்களிடம் வேலைத் திருப்தி பற்றி ஆராய்ந்தோம், தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

5. நாற்காலி

இப்போது 'உட்காரவைத்த ஆளுக்கு' வருகிறேன்.

நின்று வேலை செய்யும் தொழிலாளி வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. அது தொழிற்சாலைக்கு. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நிற்பவர்களுக்கு? கேரளத்தில் பெண்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகு 2018இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் கடைத் தொழிலாளிக்கும் நடுவில் ஒரு நாற்காலிக்கு எழுபத்து மூன்று ஆண்டு. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இலேயே வந்து, நாம் எல்லோரும் பார்த்துக் கண்கலங்கி, அடுத்த தீபாவளிக்கு அதே மாதிரிக் கடைகளில் வரிசையில் நின்றோம்.

சட்டம் வந்தபின் இந்த மாவட்டத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஆய்வாளர் வந்தால் காட்டலாம். புடவைப் பிரிவில் இருந்த ஸ்டூலின் மேல் பிரித்துப் போட்ட சுங்குடிப் புடவைகள் அடுக்கியிருந்தன. அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "உக்காரலாம் சார், யாரும் வேணாம்னு சொல்லல" என்றாள். பிறகு கண்ணால் மேலே காட்டினாள். கூரையில் கேமரா. கால் மாற்றி நின்றுகொண்டாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன, கொலுசு தோலில் பதிந்திருந்தது. முழு நாளும் நிற்பவர்களுக்கு நரம்புச் சுருட்டல் வரும் என்பதற்கு ஆய்வு தேடவேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது, யாரும் தடுக்கவும் இல்லை. அவள் உட்காரவில்லை. என் அப்பாவுக்குப் பல்பு எட்டாமல் இருந்ததுபோல அவளுக்கு ஸ்டூல் எட்டவில்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் தரப்பு முதலாளி தரப்புக்குக் குறையாத எண்ணிக்கையில் உட்காரும் பணிக்குழு அமைக்க 1947ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. பத்து பேர் நிற்கும் கடைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அங்கே முதலாளியின் முகம்தான் குழு, அவர் முகம்தான் சட்டம்.

நம் வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது ஆள் எடுப்பவருக்குச் சொன்னது. எடுத்த ஆள் என்ன நினைக்கிறார் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. மேடையில் இருக்கும் தமிழாசிரியர் என்னைப் பிறகு திருத்தலாம்.

வணிகப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். ஊதியக் குழு, ஆய்வறிக்கை, படிவம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். நாளைக் காலை கடை திறந்ததும் ஸ்டூலின் மேல் இருக்கும் சரக்கை இறக்கி வையுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து, 'உட்காரும்மா' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நாள் சொன்னால் உட்கார மாட்டார்கள். ஒரு வாரம் சொல்லவேண்டியிருக்கும்.